ஹெலிக்கு ஒளித்த கதையின் மிச்சம்

அடியே,

இன்று காலை கீழ்வீட்டுக்காரர் தன் பழைய மொபெட்டை நிலவறையிலிருந்து இழுத்துவந்து உதைத்தார். பல உதைக்குப் பிறகு அது இருமிக்கொண்டு உயிர்பெற்றது. நீலப் புகை சுவரோடு ஏறி என் சமையலறை யன்னலுக்குள் வந்தது. பெற்றோலும் எண்ணெயும் கலந்து எரிகிற அந்த மணம், மலையில் நீ ஓட்டின மிசினின் அதே மணம். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கண்ணீர் வந்ததற்கு வெங்காயத்தின்மேல் பழியைப் போடலாம். போடமாட்டேன். உன்னை நினைத்துத்தான் அழுதேன். அழுது முடிய கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கோபம் உன்மேல் இல்லை. சரி, கொஞ்சம் உன்மேலும்தான். இங்கே ஜேர்மனியில், எசன் நகரில் தமிழர் கூடுகிற இடமெல்லாம் உன்னைப் பற்றி ஒரு பகிடிக்கதை உலாவுகிறதே, அதற்கு முதலில் வாய் கொடுத்தவள் நீ. காப்பாற்ற வந்த ஹெலிக்கொப்டரைக் கண்டு பற்றைக்குள் ஒளித்த இரண்டு தமிழ்ப் பெண்களின் கதை. பிறந்தநாள் வீட்டில் மட்டன் ரோல்ஸ் சுற்றிவரும்போது யாராவது ஒருவர், "அந்த ஹெலிக் கதையைச் சொல்லு பாப்பம்" என்பார். நீ எழும்பிச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக் குனிந்து நடித்துக் காட்டுவாய். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். நானும் அந்த இரண்டு பேரில் ஒருத்தி. எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. நீ சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, ஆனால் பாதியில் நிறுத்திவிடுவாய்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தெற்கு ஜேர்மனியின் அல்கொய் மலைப்பக்கத்து விடுதி ஒன்றில் நான் அறைகள் துப்புரவாக்கினேன், நீ சட்டி பானை கழுவினாய். நான் யாழ்ப்பாணம், நீ மன்னார். அந்த மலையில் எங்கள் இரண்டு பேரையும் விட்டால் தமிழ் பேசுகிறதற்கு ரேடியோகூட இல்லை. பனி விழத் தொடங்கினால் வாகனப் பாதை மூடிவிடும். அடிவாரக் கிராமத்திலிருந்து விடுதிக்குப் பாணும் பாலும் விருந்தாளிகளின் பெட்டிகளும் பனிவண்டியில்தான் ஏறி இறங்கும். முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டை, பின்னுக்குப் பல்லு வைத்த றப்பர்ப் பட்டி, மோட்டார்சைக்கிள் மாதிரி ஒரு கைபிடி, பின்னால் இழுபடுகிற சாமான் சறுக்கு. ஜேர்மன்காரர் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் மிசின் என்றோம்.

அதை ஓட்டிக்கொண்டிருந்தவன் கலியாணம் கட்டிக்கொண்டு கீழே போய்விட்டான். முதலாளி, நாங்கள் செஃப் என்று கூப்பிடுகிறவர், சமையலறை வாசலில் நின்று யார் ஓட்டுவீர்கள் என்று கேட்டார். சமையல்காரர் கூரையைப் பார்த்தார். நீ ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தாய். செஃப் சிரித்தார். நீ திரும்பி என்னிடம் தமிழில் சொன்னாய்:

"ஐயாவின்ரை லான்ட்மாஸ்ரர் உழவுமிசினிலை வயல் உழுதவள் நான். இங்கை வரம்பும் இல்லை, சேறும் இல்லை. என்ன பயம்?"

ஆனால் நீ பயப்பட்டாய். அதை யாரும் சொல்லுவதில்லை. நீ பயப்படத் தெரிந்தவள், அதனால்தான் நன்றாக ஓட்டினாய். பயம் இல்லாமல் ஓட்டினது செஃப்தான். தொப்பியில் இறகைக் குத்திக்கொண்டு, ஹெல்மெட் இல்லாமல், விருந்தாளிகள் ஊற்றிக்கொடுத்த ஷ்னாப்ஸ் சாராயம் வயிற்றில் எரிய, சரிவில் குறுக்கே விடுவார். பெண்கள் கைதட்டுவார்கள். உனக்கும் ஒருநாள் ஒரு சின்னக் கிளாசை நீட்டினார்கள், குளிருக்கு நல்லது என்றார்கள். நீ வாங்கி மிசினின் சறுக்குக் கட்டையில் ஊற்றிவிட்டு, "அதுக்குத்தான் குளிருது" என்று ஜேர்மனில் சொன்னாய். அவர்கள் சிரித்தபடி போனார்கள். செஃப் மட்டும் சிரிக்கவில்லை.

பருவம் தொடங்க முதல் மலைமீட்புக் குழுவிலிருந்து ஒருவர் வந்து வேலையாட்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார். செம்பட்டைத் தாடிக்காரர். பெயர் சொன்னார், எங்கள் வாயில் நுழையவில்லை. நீ அவருக்குத் தாடி என்றே பெயர் வைத்தாய். செங்குத்துச் சரிவின் கீழே நிறுத்தாதே, தனியே போகாதே, மண்வெட்டி இல்லாமல் வெளிக்கிடாதே, விழுந்தால் மிசினை விட்டு நடக்காதே, மிசின் பெரிது, மனிதர் சின்னது, தேடுகிறவர் கண்ணுக்கு மிசின்தான் முதலில் படும் என்றார். ஓட்டுகிறவரின் மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டி மற்ற நுனியை மிசினில் கொளுவிக் காட்டினார். ஆள் தூக்கி எறியப்பட்டால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும்.

"தாலி கழுத்திலை. இது கையிலை. எது உயிரைக் காக்குமெண்டு பாப்பம்" என்று என் காதில் குசுகுசுத்தாய். நான் சிரித்துவிட்டேன். தாடி என்னை முறைத்தார்.

பிறகு அவர் எழும்பி நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் விரித்துத் தூக்கினார். ஹெலிக்கொப்டர் வந்தால் இப்படி நிற்கவேண்டும், இதற்கு அர்த்தம், ஓம், எனக்கு உதவி வேணும். ஒரு கையை மேலேயும் மற்றதைக் கீழேயும் பிடித்தால், இல்லை, உதவி வேண்டாம், போகலாம். எல்லோரும் எழும்பிச் செய்து பாருங்கள் என்றார். சமையல்காரர் தூக்கினார். நான் தூக்கினேன். நீ கதிரையை விட்டு அசையவில்லை.

"நீங்கள்?" என்று தாடி கேட்டார்.

"விளங்கீட்டுது" என்றாய்.

"செய்து பார்த்தால்தான் உடம்புக்குப் பழகும்."

"எனக்கு விளங்கீட்டுது" என்று திரும்பவும் சொன்னாய். அதோடு அவர் விட்டுவிட்டார்.

அன்று பின்னேரம் கோப்பை துடைக்கும்போது நான் கேட்டேன், ஏன் எழும்பவில்லை என்று. நீ என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "எங்கடை ஊரிலை உப்பிடிக் கை தூக்கின ஆள் என்ரை அண்ணன். ரெண்டு கையும் மேலை. ஆமிக்காரனுக்கு முன்னாலை. நான் வேலிக்கு உள்ளை நிண்டு பாத்தனான். தூக்கின கையோடை விழுந்தவன்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

தாடி சொன்னதற்கு மேல் நீயாக ஒரு சட்டம் போட்டாய். புறப்பட முதல் அடிவாரத்து மீட்பு நிலையத்துக்கு ரெலிபோன் எடுத்து, வெளிக்கிடுறம், இன்ன நேரத்துக்குள் கீழே வந்து சொல்லுவம், வராவிட்டால் தேடுங்கோ என்று சொல்லுவாய். செஃப்புக்கு அது பெரிய அவமானம். தன் விடுதியில் ஆபத்து இருக்கிறதென்று ஊருக்குப் பறை அடிக்கிறாள் என்று கத்தினார். நீ அசையவில்லை. எனக்கு அதன் காரணத்தைச் சொன்னாய்.

"நாங்கள் வீட்டை விட்டு இறங்கேக்கை போறன் எண்டு சொல்லுறனாங்களோ? போட்டு வாறன் எண்டுதானே சொல்லுறம். வாறன் எண்டு சொன்னா ஒரு ஆள் பாத்துக்கொண்டிருக்கவேணும். வராட்டித் தேடவேணும். சும்மா வாய்ப்பேச்சுக்கே அதைச் சொல்லுறது?"

தாடிக்கும் அதை ஜேர்மனில் விளங்கப்படுத்தினாய். அவருக்கு அது நன்றாகப் பிடித்துப்போயிற்று. அதன் பிறகு நீ ரெலிபோன் எடுத்தால் அவர் அந்தப் பக்கத்திலிருந்து, "போட்டு வாங்கோ" என்று தமிழில் சொல்லப் பழகியிருந்தார். நாக்கு சுளுக்கிக்கொண்டு சொல்லுவார். நீ ரெலிபோனைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய்.

இனி அந்த நாள். கனநாள் பனி கொட்டி ஓய்ந்து, திடீரென்று வெயிலும் சூட்டுக்காற்றும் வந்த நாள். கூரையிலிருந்து பனி பாளம் பாளமாக விழுந்துகொண்டிருந்தது. பிராங்பேர்ட்டிலிருந்து வந்த வங்கிக்காரர் ஒருவர் சறுக்குக் கட்டையில் இறங்கிப் போய்விட்டார். அவருடைய பெட்டிகள் பின்னால் போகவேண்டும், பின்னேர ரயிலுக்கு. நீ வெளியே போய் மேற்சரிவைப் பார்த்துவிட்டு வந்து செஃப்பிடம் சொன்னாய், பனி ஈரம் குடித்துப் பாரமாய்க் கிடக்கிறது, இரவு உறையட்டும், விடியக் கொண்டுபோகிறேன் என்று.

செஃப் பெட்டிகளைக் காட்டினார். விருந்தாளியின் ரயிலைக் காட்டிப் பேசினார். பிறகு குரலைக் குறைத்துக்கொண்டு, உனக்கு ஏலாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார். அந்த ஒரு வசனத்துக்குள் என்ன இருந்ததென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வேலை அனுமதி அந்த விடுதியின் பெயரில்தான் இருந்தது. வேலை போனால் அதுவும் போகும், அதோடு இந்த நாட்டில் இருக்கிற உரிமையும் போகும்.

நீ ஓம் என்றாய், ஆனால் தலையைக் குனிந்து சொல்லவில்லை. பெரிய பெட்டி ஒன்று மட்டும்தான், இரண்டு பேர்தான், ரெலிபோன் எடுத்த பிறகுதான் என்றாய். செஃப் சரி என்றார். நீ ரெலிபோன் எடுக்க உள்ளே போன நேரத்தில் இரண்டாவது பெரிய பெட்டியையும் சறுக்கில் ஏற்றித் தார்ப்பாயால் மூடிக் கட்டிவிட்டார். நான் அப்போது மேலே சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பாரம் கூடிவிட்டதென்று எங்களுக்கு முதல் வளைவில்தான் தெரிந்தது, அங்கே திருப்ப இடம் இல்லை.

வெளிக்கிட முதல் நீ என்னைச் சுற்றிவந்து பார்த்தது ஞாபகம் இருக்கிறது. என் கம்பளிச் சால்வையின் தொங்கலைப் பிடித்து இழுத்து ஜக்கெட்டுக்குள் திணித்தாய். "சில்லு இல்லாத மிசின் எண்டு நினையாதை. உதுக்குப் பல்லு இருக்கு. சால்வையைப் பிடிச்சால் கழுத்தும் சேந்துதான் போகும்." ஹெல்மெட்டின் வாரை நீயே இறுக்கினாய். நாடியில் தோல் அகப்பட்டுக் கத்தினேன். கத்து, கத்து, உயிரோடு கத்து என்றாய்.

சரிவைக் குறுக்கே வெட்டிப்போகிற இடம் ஒன்று உண்டு. மேற்பக்கமாக உடம்பைச் சாய்த்துக்கொண்டு மெல்லப் போகவேண்டும். நாங்கள் இரண்டு பேரும் சாய்ந்துதான் இருந்தோம். ஆனால் பின்னாலிருந்த சறுக்கு தன் பாரத்தில் வழுகிக் கீழ்ப்பக்கம் இறங்கியது, மிசினையும் வாலைப் பிடித்து இழுத்தது. நீ ஏதோ கத்தினாய். வானமும் பனியும் இடம் மாறின. எல்லாம் நின்றபோது நாங்கள் பாதைக்குக் கீழே ஊசியிலை மரங்களுக்குள் கிடந்தோம். மிசின் என் வலக்காலின்மேல் சரிந்து கிடந்தது. அந்தப் பல்லுப் பட்டி என் முழங்காலுக்குப் பக்கத்தில் அசையாமல் இருந்தது. உன் மணிக்கட்டில் கயிறு தொங்கியது. கயிறு கழன்றிருக்காவிட்டால் இன்றைக்கு எனக்கு அந்தக் காலே இல்லை.

நீ மண்வெட்டியை எடுத்து என் காலின் கீழே பனியைத் தோண்டினாய். தோண்டித் தோண்டி, என் கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்து இழுத்தாய். விழும்போது எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை, இழுக்கும்போதுதான் நோ தெரிந்தது. நான் உனக்குச் சொல்லாத தூஷணம் இல்லை. நீ கிளைகளை முறித்துப் பரப்பி என்னை அதன்மேல் கிடத்தினாய், பனி முதுகில் படக்கூடாதென்று. பிறகு வங்கிக்காரரின் பெட்டியை மண்வெட்டியால் உடைத்தாய். அவருடைய கம்பளிச் சுவெற்றர், பட்டுப் பைஜாமா, இரண்டு சோடி மேசு எல்லாம் என்மேல் ஏறின.

"பட்டு உடுத்தியிருக்கிறாய், கலியாணப் பொம்பிளை மாதிரிக் கிட" என்றாய். உன் உதடு நீலமாக இருந்தது. உனக்கென்று நீ ஒன்றும் எடுக்கவில்லை.

நான் உன்னைப் போகச் சொன்னேன். மேலே ஏறி விடுதிக்குப் போ, ஆட்களைக் கூட்டி வா என்றேன்.

"மிசினை விட்டுப் போகக்குடாது எண்டு தாடி சொன்னவர். உன்னை விட்டுப் போகக்குடாது எண்டு நான் சொல்லுறன். பொத்திக்கொண்டு கிட."

கீழே எங்கேயோ இடி உருளுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பனிச்சரிவு. அடிவாரத்துக்கும் எங்களுக்கும் நடுவில் பாதையை மூடிவிட்டதென்று பிறகுதான் தெரியவந்தது. நீ கைலாம்பை எரியவிட்டுப் பனியில் நட்டுவைத்தாய். வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது, ஆனால் வானத்தில் வெளிச்சம் இருந்தது. எனக்கு நடுக்கம் தொடங்கியது. பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. அதுதான் கூடாதென்று நீ என் கன்னத்தில் அறைந்துகொண்டே இருந்தாய்.

அப்போதுதான் அந்தச் சத்தம். தூரத்திலிருந்து, காற்றை வெட்டி வெட்டி.

"ஹெலி" என்றேன். நான்தான் முதலில் சொன்னேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் அதற்குப் பிறகு மூளை வேலை செய்யவில்லை. கை கால்தான் வேலை செய்தது. நீ பாய்ந்துபோய் லாம்பை அணைத்தாய். கிளைகளை முறித்து முறித்து மிசினின் மஞ்சள் மூடியின்மேல் போட்டாய். ஊரில் ஆமி ஹெலி சுட வரும்போது வாகனத்துக்குத் தென்னோலை போட்டு மூடுவார்களே, அதே வேகம், அதே ஒழுங்கு. பிறகு தார்ப்பாயை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் குப்புற விழுந்து எங்கள் இரண்டு பேரையும் மூடினாய். உன் இதயம் என் விலாவில் அடித்தது. நான் தேவாரம் சொன்னேன், நீ மரியே வாழ்க சொன்னாய். சத்தம் தலைக்கு மேலே வந்து, சுற்றி, விலகி, போய்விட்டது.

பகிடிக்கதை இந்த இடத்தில்தான் முடியும். சனம் சிரிக்கும், நீ குனிந்து கும்பிடுவாய், ரோல்ஸ் தட்டு திரும்பவும் சுற்றும்.

மிச்சத்தை நான் சொல்லுகிறேன்.

தார்ப்பாய்க்குள் இருட்டாக இருந்தது. பிறகு மெல்லக் கேட்டாய்.

"எடியே, நாங்கள் எங்கை கிடக்கிறம்?"

"ஜேர்மனியிலை."

"அப்ப அது ஆற்றை ஹெலி?"

எங்களுக்கு ஒரேநேரத்தில் விளங்கியது. நீ தார்ப்பாயை உதறிவிட்டு எழும்பினாய். அழுவாய் என்று நினைத்தேன். நீ அழவில்லை, உனக்கு விசர் பிடித்த மாதிரிக் கோபம் வந்தது. மிசின்மேல் போட்ட கிளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாய். "கடல் கடந்து வந்தும் ஒளிக்கிறன். இவ்வளவு தூரம் வந்தும் ஒளிக்கிறன்" என்று மரங்களைப் பார்த்துக் கத்தினாய். லாம்பைக் கொளுத்தினாய். வங்கிக்காரரின் சிவப்புச் சால்வையை மிசினின் கைபிடியில் கட்டினாய். பிறகு மரங்களை விட்டு வெளியே, திறந்த வெளிக்கு, இடுப்பளவு பனியில் உழக்கிக்கொண்டு போனாய்.

அது திரும்பி வருமா என்று எங்களுக்குத் தெரியாது. என் கண் மூடிக்கொண்டு வந்தது. நீ அங்கே நின்றாய். ஹெலி திரும்பி வந்தது.

நான் கிளைகளுக்குள் கிடந்து உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கிட்ட வந்தது. உன் கை இரண்டும் தொங்கிக்கொண்டே இருந்தன. "கையைத் தூக்கடி" என்று கத்தினேன், குரல் வரவில்லை. ஹெலி உனக்கு நேரே வந்து நின்று சுழன்றது. பனி புயலாக எழும்பியது. நீ ஒரு கையைத் தூக்கினாய்.

ஒரு கை. தாடி சொன்னது எனக்கு நினைவு வந்தது. ஒரு கை என்றால், உதவி வேண்டாம், போகலாம். ஹெலி கொஞ்சம் பின்வாங்கியது. உன் மற்றக் கை தொடையோடு ஒட்டிக்கிடந்தது, யாரோ கட்டிவைத்த மாதிரி. அந்தக் கை ஏன் எழும்பவில்லை என்று இந்த உலகத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உன் தோள் குலுங்குவதைக் கண்டேன். பிறகு அந்தக் கை மேலே போனது. மெல்லப் போகவில்லை, அடிக்கப் போகிறவள் ஓங்குகிற மாதிரிப் போனது. இரண்டு கையும் விரித்து, தலையை அண்ணாந்து, வாய் திறந்து நீ வானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே நின்றாய். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

முதலில் இறங்கினவர் தாடி. நீ அவருடைய ஜக்கெட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு என்னிடம் கூட்டிவந்தாய். வங்கிக்காரரின் பட்டுப் பைஜாமாவோடு என்னைக் கட்டி ஏற்றினார்கள். நீ சொன்ன நேரத்துக்குக் கீழே வரவில்லை என்று பார்த்தவர் அவர். பாதையில் சரிவு விழுந்து கிடந்ததைக் கண்டு, நாங்கள் அதற்குள் புதைந்துவிட்டோம் என்று பயந்து ஹெலியைக் கூப்பிட்டவரும் அவர். உன் ரெலிபோன் இல்லாவிட்டால் எங்களை யாரும் தேடியிருக்கமாட்டார்கள். செஃப் தேடவில்லை, கீழே போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று இருந்துவிட்டாராம்.

ஆசுபத்திரியில் வைத்துக் கேட்டேன், அங்கே என்னடி கத்தினாய் என்று.

"பூசையிலை சொல்லேலாத சொல்லு" என்றாய். என் போர்வையைச் சரிசெய்துகொண்டு, "அண்ணனின்ரை பேரும் சொன்னனான்" என்றாய்.

செஃப் பூங்கொத்தோடு வந்தார். என் காலைப் பார்த்துக் கவலைப்பட்டார். பிறகு உன்னைப் பக்கத்தில் இருத்தி, தயவாக, தகப்பனைப் போலப் பேசினார். நீங்கள் விளையாட்டுக்கு மிசினை எடுத்துக்கொண்டு போனதாகச் சொன்னால் எல்லோருக்கும் நல்லது, வேலை அப்படியே இருக்கும், அனுமதிக்கும் பிரச்சினை வராது. பெட்டியின் கதையும் பாரத்தின் கதையும் வெளியே வரத் தேவையில்லை என்றார். நான் உன்னைப் பார்த்தேன். எனக்கு அப்போது பயம்தான், ஓம் என்று சொல்லிவிடு என்று மனம் சொன்னது. நீ எழும்பி நின்றாய்.

முதலில் எனக்குத் தமிழில் சொன்னாய்: "ஒருக்கா ஒளிச்சது காணும்."

பிறகு அவருக்கு ஜேர்மனில், அறை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாய். உன் ஜேர்மன் அன்றைக்கு உடைந்துதான் இருந்தது, ஆனால் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. "நான் நாளைக்கு என்றேன், நீ இன்றைக்கு என்றாய். நான் ஒன்று என்றேன், நீ இரண்டு கட்டினாய். கேட்கிற எல்லோருக்கும் இதைச் சொல்லுவேன். பூங்கொத்தையும் கொண்டுபோ" என்றாய். பக்கத்துக் கட்டிலில் கிடந்த கிழவி கைதட்டினாள். செஃப் பூவை வைத்துவிட்டுத்தான் போனார், நீ அதை அந்தக் கிழவிக்குக் கொடுத்தாய்.

வேலை போனது. அனுமதிக்கு அலைந்தோம், குடிவரவுக் கந்தோர்க் கதிரைகளில் இருந்து இருந்து உடம்பு தேய்ந்தது. தாடி வந்து நடந்ததை நடந்தபடி சொன்னார், அது உதவியது. கடைசியில் எசனுக்கு வந்தோம். நீ சலவை நிலையத்தில், நான் முதியோர் இல்லத்தில். இங்கே மலையும் இல்லை, மிசினும் இல்லை. ஆனால் நீ உன் சட்டத்தை விடவில்லை. கடைக்குப் போனாலும் ரெலிபோன். "வெளிக்கிடுறன். பத்து மணிக்குள்ளை எடுக்காட்டித் தேடு." சனம் உன்னை விசரி என்றது. நான் ஒருநாளும் மணிக்கூட்டைப் பார்க்காமல் இருந்ததில்லை.

ஆசுபத்திரிக்குக் கடைசியாகப் போன அன்றும் எடுத்தாய். "போட்டு வாறன்" என்றாய். நேரம் சொல்லவில்லை. எத்தனை மணிக்குள்ளை என்று கேட்டேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காக உன்மேல் இன்னும் கோபம், மேலே கொஞ்சம் உன்மேலும்தான் என்று எழுதினது இதையும் சேர்த்துத்தான்.

நீ கண்மூடி முப்பத்தோராம் நாள் பூசை போன ஞாயிறு நடந்தது. பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சாப்பாடு. உன் மகள் எல்லோருக்கும் தண்ணீர் வைத்துக்கொண்டு திரிந்தாள். பகிடி விடுகிற அந்த அண்ணை இருக்கிறாரே, சோற்றைப் பிசைந்துகொண்டு தொடங்கினார்.

"நல்ல மனுசி. ஆனா ஹெலியைக் கண்டு ஒளிச்ச உலகத்திலையே ஒரே ஆள். மேலையிருந்து சம்மனசுமார் சிறகடிச்சுக் கூப்பிட வந்திருப்பினம், பத்தைக்குள்ளை பூந்திருப்பா."

மேசை முழுக்கச் சிரித்தது. உன் மகளும் மரியாதைக்குச் சிரித்தாள். நான் எழும்பினேன். எழும்ப எனக்கு நேரம் எடுக்கும், காலுக்குள் இரும்புத் தகடு. அதனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, மிச்சத்தையும் சொல்லுங்கோ" என்றேன்.

"என்ன மிச்சம் தங்கச்சி? அவ்வளவுதானே?"

"இல்லை. இருங்கோ, நான் சொல்லுறன்."

சொன்னேன். ரெலிபோனைச் சொன்னேன், பெட்டியைச் சொன்னேன், நீ ஒரு கையைத் தூக்கினதையும் மற்றக் கை எழும்பாமல் நின்றதையும் சொன்னேன். அந்தக் கை ஏன் எழும்பவில்லை என்பதையும் சொன்னேன். நீ இத்தனை வருசம் மறைத்ததை மண்டபத்தில் போட்டு உடைத்தேன். கோபிக்காதே. கோபித்தாலும் பரவாயில்லை, உன் கோபத்தோடு நான் நன்றாகவே பழகியிருக்கிறேன்.

அந்த அண்ணை கையைத் தட்டில் வைத்தபடி இருந்தார். "எங்களுக்குத் தெரியாது தங்கச்சி" என்றார்.

"கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

உன் மகள் தண்ணீர்ச் சாடியை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். அவளுடைய தமிழ் ஜேர்மன் தாளத்தில்தான் வரும், உனக்குத் தெரியும். "அம்மா எனக்கு அந்தக் கதையை எத்தினையோதரம் சொன்னவ அன்ரி. நான் சின்னனிலை அதைக் கேட்டுச் சிரிச்சுத்தான் நித்திரை கொள்ளுறனான். ஏன் மிச்சத்தை எனக்குச் சொல்லேல்லை?"

அதற்குப் பதில் உன்னிடம்தான் இருந்திருக்கும். பிள்ளை சிரித்துக்கொண்டு நித்திரை கொள்ளட்டும் என்று நினைத்திருப்பாய், அல்லது நாளைக்குச் சொல்லுவம் என்று விட்டிருப்பாய். நான் அவளைப் பக்கத்தில் இருத்தினேன்.

"திரும்பச் சொல்லுங்கோ" என்றாள். "முதலிலையிருந்து."

மண்டபத்தைக் கூட்டுகிறவர்கள் கதிரைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் எழும்பவில்லை. எங்களைச் சுற்றிக் கூட்டட்டும் என்று விட்டுவிட்டு, அவளுக்கு நான் உன்னை முழுதாகச் சொல்லத் தொடங்கினேன். இனி யார் எந்த மேசையில் சிரித்தாலும், இந்தக் கால் எழும்ப எவ்வளவு நேரம் எடுத்தாலும், நான் எழும்பி மிச்சத்தைச் சொல்லுவேன். எனக்கு ஏலாமல் போனால் அவள் சொல்லுவாள்.